தேர் இருக்கிறதா என்று நான் கேட்ட நாள்

போன கிழமை, என்னிடம் வேலை பழக வந்திருக்கிற உங்களில் ஒருத்தி கேட்டாள்: "அன்ரி, வேலை செய்த காலத்திலை நீங்கள் ஆகலும் பயந்தது எப்ப?"

என் வேலையிடமான காம்பிங்கில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்வேன் என்று நினைத்திருப்பாள். புயலுக்கு மரம் முறிந்து கரண்ட் பெட்டிகளுக்கு மேல் விழுந்ததும் உண்டு, ஆற்று வெள்ளம் ஏறி ஒரு வரிசைப் பெட்டிகளை மூடியதும் உண்டு. ஆனால் நான் ஆகலும் பயந்தது வேலையிடத்தில் இல்லை. ஒரு லீவு நாளில், பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில், பட்டுச்சேலை உடுத்தி வெறுங்காலோடு நின்றபோதுதான்.

கம்பி இணைக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை நீங்கள் பள்ளியில் ஒழுங்காகப் படித்து வந்திருக்கிறீர்கள். சுற்றிவர ஆட்கள் நின்று கத்தும்போது எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பதைப் பள்ளியில் சொல்லித்தர ஏலாது. ஆனபடியால் அந்த நாளின் கதையை முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

என் வேலை என்னவென்று தெரியும்தானே. பாரிசுக்கு வெளியே ஆற்றங்கரையில் ஒரு காம்பிங், விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்குகிற திடல். கோடையில் காருக்குப் பின்னால் இழுத்து வருகிற கரவன் வீடுகளும் காம்பிங் கார்களும் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கரண்ட் பெட்டி. வண்டியிலிருந்து நீல பிளக் போட்ட வயரைக் கொண்டுவந்து அதில் செருகுவார்கள். அந்தப் பெட்டிகளும், அவற்றுக்குப் போகிற கம்பிகளும், செருகுகிற ஆட்களின் அவசரமும் என் பொறுப்பு. பெட்டிகளையும் கம்பிகளையும் பார்ப்பது சுகம். அவசரத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

நாங்கள் சார்செலில் இருந்தோம். என் கணவர் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையல். கோயில் குளம் என்று அலைகிற ஆள் இல்லை. ஆனாலும் ரூ பஜோல் பிள்ளையாருக்குத் தேர் என்றால் என்னோடு ரயில் ஏறி வருவார். "நான் வாறது கும்பிட இல்லை, வடை சாப்பிட" என்று ரயிலிலேயே எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவார். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். என் கைப்பைக்குள் நான் டெஸ்டரை வைப்பதைப் பார்த்துவிட்டு, "மற்றப் பொம்பிளையள் பையுக்கை சீப்பும் கண்ணாடியும் கொண்டு திரிவினம்" என்றார். பேனா அளவான சின்னச் சாமான் அது. தொடாமலே கிட்டக் கொண்டுபோனால் கரண்ட் இருக்கா என்று சிவப்பு வெளிச்சம் காட்டும். பழக்கதோஷம், எங்கே போனாலும் பையில் கிடக்கும்.

நல்ல வெயில். தேர் வெளிக்கிட்டு, சுற்றிக்கொண்டு ரூ து ஃபொபூர் சேன்-தெனிப் பக்கம் வந்துகொண்டிருந்தது. தேருக்கு முன்னால் தெருவெல்லாம் தேங்காய்க் குவியல்கள். ஆட்கள் சுற்றி நின்று உடைக்க உடைக்க இளநீர் ஆறாக ஓடும். தூவின மஞ்சள் தண்ணீர் வேறு. தார் ரோட்டில் வெயிலும் ஈரமும் கலந்து கால் வழுக்கும். அதற்குள் ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள். பார்த்தவர்களுக்குத்தான் அந்த அழகு தெரியும்.

ஒரு பலசரக்குக் கடைக்குப் பக்கத்தில் கரவன் ஒன்று நின்றது. வெள்ளை நிற அலுமினியம், முகம் பார்க்கலாம் போல மினுக்கி வைத்திருந்தார்கள். முன்பக்கம் வாழைக்குலை கட்டி, பக்கத்து யன்னலின் அலுமினியக் கதவைக் கீழே மடித்துத் தட்டியாக்கி, "மோர் குடியுங்கோ" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு இளம் பெண் அண்டாவிலிருந்து அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே நின்ற மனுசன் சனத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். வேட்டியும் கழுத்தில் தங்கச் சங்கிலியுமாக, முகம் நிறையச் சிரிப்பு.

என் கணவருக்கு ஆட்களோடு கதைக்க அரை நிமிடம் போதும். மனுசன் தயாபரன், ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறார். உள்ளே நிற்பது மனைவி சுகி. வன்னியில் பிறந்து, சண்டை முடிந்தபிறகு ஜெர்மனிக்கு வந்தவள். காணாமல் போயிருந்த தம்பி உயிரோடு கிடைத்தால் பாரிஸ் தேருக்கு வந்து மோர் கொடுக்கிறேன் என்று நேர்த்தி வைத்திருக்கிறாள். தம்பி கிடைத்துவிட்டான். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் கரவனை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

வரிசையில் எனக்கு முன்னால் சிவப்புச் சேலை உடுத்திய அம்மா ஒருவர். தேருக்கு முன்னால் கற்பூரச்சட்டி எடுத்து முடித்துவிட்டு வந்திருந்தார். அவர் ஒரு கையால் தட்டியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் மோரை வாங்கினார். உடனே கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"பிள்ளையாரப்பா! உடம்பெல்லாம் சிலிர்க்குது."

பக்கத்தில் நின்ற பெண், "என்னம்மா?" என்றாள்.

"இதைப் பிடிச்ச உடனை விறுவிறெண்டு ஏறுது பிள்ளை. சாமி இஞ்சை வந்து நிக்கிறார்."

"எங்கை, நானும் ஒருக்காத் தொட்டுப் பாக்கிறன்."

பின்னால் நின்ற நாலைந்து பேரும் கையை நீட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார்கள்.

எனக்கு அந்த வெயிலிலும் குளிர்ந்தது. பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அலுமினியத்தைப் பிடித்தால் விறுவிறு என்று ஏறுகிறது என்று யாராவது சொன்னால், எங்கள் தொழிலில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். டெஸ்டரை எடுத்துத் தட்டியின் கிட்டக் கொண்டுபோனேன். தொட முதலே சிவந்தது. கதவுப் பக்கம் கொண்டுபோனேன். அங்கேயும் சிவப்பு. கரவனின் உடம்பு முழுக்கக் கரண்ட் நின்றது.

அப்படியென்றால் அந்த அம்மாவுக்கு ஏன் சிலிர்ப்போடு போயிற்று? குனிந்து பார்த்தேன். ரோடு சுடுகிறதென்று சுகி தட்டிக்கு முன்னால் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்திருந்தாள். ஆட்கள் காய்ந்த அட்டையில் நின்றார்கள். அந்த அட்டைதான் அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஆனால் பக்கத்துக் குவியலில் தேங்காய் உடைந்துகொண்டே இருந்தது. இளநீர் மெல்ல மெல்ல வந்து அட்டையின் கரையை நனைத்து, நடுவை நோக்கி ஊறிக்கொண்டிருந்தது. முழுதாக நனைந்தபிறகு தட்டியைப் பிடிக்கிற முதல் ஆளுக்குச் சிலிர்ப்போடு போகாது.

தயாபரனைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"தம்பி, கரண்ட் எங்கையிருந்து எடுத்திருக்கிறியள்?"

"கடையிலையிருந்து அக்கா. சிவம் அண்ணையின்ரை கடை. நல்ல மனுசன், தானே வயர் தந்தவர்."

"அந்த வயரிலை தேர் இருக்கோ?"

அவர் எட்டிப் பார்த்தார். "தேர் இப்பத்தான் சந்தியாலை திரும்புது அக்கா. வர இன்னும் கொஞ்ச நேரம் செல்லும்."

நிலத்துக்குப் போகிற கம்பியைப் பிரெஞ்சில் 'தேர்' என்பார்கள். இத்தனை வருசமாக வேலையிடத்தில் அப்படியே சொல்லிச் சொல்லி என் வாயில் வேறு சொல் வருவதில்லை. ஜெர்மனிக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

"ஐயோ, சாமி ஏறுற தேர் இல்லைத் தம்பி! ஏர்த்! ஏர்த் வயர் இருக்கோ?"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்போதுதான் போயிற்று. "தெரியேல்லை" என்றார்.

வயர் போகும் வழியைப் பார்த்தேன். கரவனிலிருந்து இறங்கிய நல்ல தடித்த வயர் பாதியிலேயே முடிந்தது. அதோடு கடைக்காரரின் பழைய மண்ணிற வயர் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. மேசை விளக்குக்குப் போடுகிற மாதிரி மெல்லிசு. பார்த்தவுடனே தெரிந்தது, உள்ளே இரண்டு கம்பிதான். ஏர்த்துக்கு மூன்றாவது கம்பி இல்லை. இரண்டும் சந்திக்கிற இடத்தை ஒரு பிளாஸ்டிக் பையால் சுற்றி தெருவோரத் தண்ணீர் வாய்க்கால் ஓரத்தில் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி இளநீர் தேங்கி நின்றது. மண்ணிற வயர் கடையின் ஷட்டருக்குக் கீழால் உள்ளே போயிருந்தது. ஷட்டர் இறுக்கமாகப் பூட்டிக் கிடந்தது.

"சிவம் அண்ணை எங்கை?"

"தேர் இழுக்கப் போயிட்டார். திறப்பு அவரின்ரை மடியிலை." சொல்லிக்கொண்டே தயாபரன் வாய்க்கால் பக்கம் குனிந்தார். "பொறுங்கோ, இதைக் கழட்டி விடுறன்."

"கையை எடும்!"

நான் போட்ட சத்தத்தில் அவர் அப்படியே நின்றுவிட்டார். வெறுங்காலோடு தண்ணீருக்குள் நின்று, தண்ணீருக்குள் கிடக்கிற பொருத்தைக் கையால் பிடிக்கப் போனார் மனுசன். அதில் அவர் செத்திருந்தால், அவர் விழுவதைப் பார்த்துத் தூக்க ஓடிவருகிறவரும் செத்திருப்பார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். என் கையும் அந்த வயரை நோக்கித்தான் துடித்தது. நானும் வெறுங்கால். ஒரு கையுறை இல்லை, சப்பாத்து இல்லை. கரவன் பக்கத்து பிளக்கை இழுத்தால் கரவன் பிழைக்கும், ஆனால் தண்ணீருக்குள் கிடக்கிற பொருத்தில் கரண்ட் அப்படியே இருக்கும். கடைக்குள்ளே போய் நிறுத்தினால்தான் எல்லாம் நிற்கும். அதற்குத் திறப்பு வேண்டும். திறப்பு வரும்வரை நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: ஆட்களை விலக்குவது. எதையாவது இழுத்து, எதையாவது வெட்டி வீரம் காட்டுவதைவிட அது சின்ன வேலை மாதிரித் தெரியும். அதுதான் அன்றைக்கு எல்லாவற்றிலும் பெரிய வேலை.

என் கணவரிடம், "ஓடுங்கோ, சிவம் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கடைக்காரர், தேர் வடத்திலை நிக்கிறார்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுசன் அதை அப்படியே எறிந்துவிட்டு ஓடினார். அதிலேயே என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு விளங்கும்.

தேங்காய் கூட்டி அள்ள வந்திருந்த நகரசபைத் தொழிலாளி ஒருவர் பச்சைச் சட்டையும் ரப்பர் பூட்சுமாகப் பக்கத்தில் நின்றார். அவரிடம் பிரெஞ்சில் இரண்டே வசனம் சொன்னேன்: அந்த வண்டியில் கரண்ட் இருக்கிறது, அந்த வயருக்குக் கிட்ட ஒருவரும் போகக்கூடாது. மனுசன் ஒரு கேள்வி கேட்கவில்லை. சில்லுப் போட்ட பெரிய பச்சைக் குப்பைத் தொட்டிகளை உருட்டிக்கொண்டு வந்து வாய்க்கால் ஓரமாக வேலி மாதிரி நிறுத்தினார். தேங்காய் உடைக்கிறவர்களையும் அங்கால் தள்ளிவிட்டார். பிறகு தீயணைப்புக்காரருக்குச் சொல்லத் தெருமுனைக்குப் போனார்.

இனி மோர் வரிசை. இங்கேதான் நான் கொஞ்சம் கெட்டித்தனம் காட்டப் போனேன். அவ்வளவு நெருக்கமான கூட்டத்தில் "கரண்ட்!" என்று கத்தினால் என்ன நடக்கும்? குழந்தைகள், வயதானவர்கள், வழுக்குகிற ரோடு. ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். விழுகிறவர் பிடிக்கத் தேடுவது அந்தக் கரவனைத்தான். ஆகவே கையைத் தட்டி, சிரித்த முகத்தோடு, "மோர் முடிஞ்சுது! அங்காலை சர்பத் குடுக்கினம், போங்கோ!" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. "அண்டா நிறையக் கிடக்கு, எனக்குத் தெரியுது" என்றார் ஒருவர்.

"அது புளிச்சுப் போச்சு!" என்றேன். "குடிச்சால் வயித்தாலை போகும்!"

அது வேலை செய்தது. முகத்தைச் சுழித்துக்கொண்டு எல்லோரும் பின்னுக்குப் போனார்கள். சிவப்புச் சேலை அம்மா கையிலிருந்த கோப்பையைச் சந்தேகமாகப் பார்த்தார். கரவனைச் சுற்றி இடம் காலியானது. நானும் மூச்சு விட்டேன்.

உள்ளேயிருந்து சுகியின் குரல் வந்தது. "ஆர் சொன்னது புளிச்சதெண்டு? காலமை நான் என்ரை கையாலை கரைச்ச மோர்! நேர்த்தி மோர்! ஆரது? நிண்டு சொல்லட்டும் பாப்பம்!"

ஒரு கையில் அகப்பையோடு கதவடிக்கு வந்தாள். மற்றக் கை கதவின் அலுமினியச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. வெறுங்கால். நிலமோ நனைந்து மினுங்கியது. சண்டை பிடிக்க இறங்குவதற்காக ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தாள்.

உள்ளே நிற்கும்வரை அவளுக்கு ஒன்றும் இல்லை. அவளும் கரவனும் ஒன்று, கரண்ட் போக வழி கிடையாது. சட்டத்தைப் பிடித்தபடி அந்தக் காலை நிலத்தில் வைத்தால் வழி அவள்தான்.

"சுகி, நில்!"

அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் தவில் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அவளுடைய கால் நிலத்துக்குச் சாண் அளவில் அந்தரத்தில் நின்றது.

இப்போது பொய் சொல்ல நேரம் இல்லை. குரலைத் தணித்து, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"தங்கச்சி, மோர் நல்ல மோர். நான் சும்மா சொன்னது. உங்கடை வண்டியிலை கரண்ட் ஓடுது. காலைக் கீழை வைக்காதையும். அப்பிடியே உள்ளுக்கை எடும்."

அவள் என்னைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். மெதுவாக, மிக மெதுவாக, காலை உள்ளே எடுத்தாள்.

"இப்ப நடுவிலை போய் நில்லும். ஒண்டையும் பிடிக்காதையும். ஆர் கூப்பிட்டாலும் இறங்கக்கூடாது. நான் சொல்லேக்கைதான் இறங்கவேணும்."

"ஓம் அக்கா" என்றாள். அகப்பையோடு நடுவில் போய் நின்றாள்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஒரு பெண் கரண்ட் ஓடுகிற வண்டிக்குள் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டவுடன் எல்லோருக்கும் அவளை வெளியே எடுக்க வேண்டும். "இறக்குங்கோ அந்தப் பிள்ளையை!" "ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" தயாபரன் கண் கலங்க, "சுகி, பாஞ்சு வா, நான் பிடிக்கிறன்" என்று கதவை நோக்கி ஓடினார். அவருடைய வேட்டித் தலைப்பைப் பிடித்து நிறுத்தினேன். பிறகு குறுக்கே நின்று, இரண்டு கையையும் அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன்.

"தம்பி, நீர் பிடிச்சால் ரெண்டு பேரும் போவியள். அவ இப்ப நிக்கிற இடம்தான் இந்தத் தெருவிலையே அவவுக்குப் பாதுகாப்பான இடம். என்னை நம்பும்."

"நீங்கள் ஆர் அக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பட்டுச்சேலையும் பூவுமாக ஒருத்தி வந்து, தன் மனைவியின் மோரைப் புளித்ததென்று சொல்லி, இப்போது தன்னையும் தள்ளுகிறாள்.

"நான் காம்பிங்கிலை கரண்ட் வேலை செய்யிறனான். கரவன்தான் என்ரை தொழில்."

அவர் அப்படியே தொய்ந்துபோனார். "காம்பிங்..." என்றார். "அக்கா, நேற்று நாங்கள் நிண்ட காம்பிங்கிலை கரண்டே நிக்கேல்லை. ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது. இடம் மாத்தித் தந்தாங்கள், அங்கையும் விழுந்தது. சரியில்லாத காம்பிங் எண்டு பேசிப்போட்டு வந்தனான். இஞ்சை சிவம் அண்ணையின்ரை கடையிலை குத்தின உடனை எல்லாம் ஒழுங்கா வேலை செய்தது."

அதைக் கேட்டபோது முழுக்கதையும் எனக்கு விளங்கியது. கரண்ட் கசிந்தால் தானே நிறுத்திவிடுகிற காம்பிங்கின் பெட்டி அவரைக் காப்பாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. உன் வண்டிக்குள் ஏதோ கசிகிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறது. அவர் அதைப் பழுதான பெட்டி என்று நினைத்து, ஒன்றுமே சொல்லத் தெரியாத பழைய கடைக் கரண்டைத் தேடி வந்திருக்கிறார்.

அதற்குள் தீயணைப்புக்காரர் இருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கடைக்குள்ளிருந்து நிறுத்துவதுதான் சரி என்று அவர்களும் சொன்னார்கள். ஷட்டரை உடைக்கச் சாமான் எடுக்க ஒருவர் திரும்பினார். அந்த நேரம் சனத்துக்குள்ளிருந்து, மேல் சட்டை இல்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் திருநீறும் வியர்வையுமாகச் சிவம் அண்ணை ஓடிவந்தார். ஓட ஓடவே மடியிலிருந்து திறப்பை உருவினார்.

"என்ரை மனுசன் எங்கை?" என்று கேட்டேன்.

"வடம் பிடிக்கிறார் பிள்ளை! இடையிலை வடத்தை விடக்கூடாதெண்டு நான் நிண்டன். அப்ப நான் பிடிக்கிறன் நீங்கள் போங்கோ எண்டு வாங்கிப்போட்டார்!"

ஷட்டர் ஏறியது. சிவம் அண்ணை நேரே வயரைப் பிடுங்கப் போனார். "அண்ணை, அதைத் தொடாதையுங்கோ. மெயின் சுவிட்ச் எங்கை?" அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. தீயணைப்புக்காரர் மூட்டைகளை இழுத்துத் தள்ள, காய்ந்த தரையில் நின்று மெயினை நான் இறக்கினேன். கடை இருண்டது. குளிர்பெட்டியின் இரைச்சல் நின்றது. வெளியே வந்து டெஸ்டரைக் கரவனுக்குக் கிட்டப் பிடித்தேன். தட்டி, கதவு, இழுக்கிற கொக்கி, எல்லா இடமும். சிவக்கவில்லை. டெஸ்டர் சரியாக வேலை செய்கிறதா என்று கரண்ட் இருந்த பக்கத்துக் கடையில் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, திரும்பவும் எல்லா இடமும் பார்த்தேன். அவசரமாக நிற்கிற ஆட்களுக்கு இந்த இரண்டாம் முறை எரிச்சலாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

"சுகி, இப்ப வாரும்."

அவள் இறங்கினாள். தயாபரன் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளோ அவர் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். அவரை விலக்கிவிட்டு உள்ளே ஏறிப் போய் ஒரு கோப்பையை நிறைத்துக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

"குடியுங்கோ. குடிச்சுப்போட்டு எல்லாருக்கும் சொல்லுங்கோ."

குடித்தேன். இஞ்சியும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் போட்ட மோர். அந்த வெயிலில், அந்தப் பயத்துக்குப் பிறகு, அமிர்தம் என்றால் அதுதான். நான் குப்பைத் தொட்டி ஒன்றில் கையைத் தட்டிச் சத்தமாகச் சொன்னேன்: "புளிக்கேல்லை! நல்ல மோர்! வாங்கோ!" சனம் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தது. அண்டாவைக் கரவனிலிருந்து இறக்கி, சிவம் அண்ணையின் கடை வாசலில் வைத்துக் கொடுத்தார்கள். கரண்ட் இல்லாமலும் மோர் கொடுக்கலாம் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

சிவப்புச் சேலை அம்மா என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "அப்ப, பிள்ளை, அது சாமி இல்லையோ?"

"கரண்ட் அம்மா."

அவர் கரவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நான் இன்னொருக்கால் பிடிக்கிறதுக்கெண்டுதான் திரும்ப வரிசையிலை நிண்டனான்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். தேர் கடந்து போகும்வரை விடவில்லை.

தேர் வந்தது. வடத்தில் ஆண்களுக்கு நடுவே, கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு, சிவந்த முகத்தோடு என் கணவர். கோயில் பக்கம் போகாத ஆள். என்னைக் கண்டதும் கையைக் காட்ட ஏலாமல் தலையை மட்டும் ஆட்டினார். கரவன் நின்ற இடத்தைப் பார்த்தார், அங்கே சுகி நிற்பதைப் பார்த்தார். பிறகு இன்னும் பலமாக இழுத்தார். கோயில் வாசல் வரைக்கும் விடவில்லையாம். அடுத்த நாள் கையைத் தூக்க முடியாமல் லீவு போட்டார்.

பின்னேரம் கூட்டம் கலைந்தபிறகு கரவனுக்குள் போய்ப் பார்த்தேன். தண்ணீர் சுடவைக்கிற ஹீற்றர் பழசாகி, அதிலிருந்துதான் கசிந்திருந்தது. ஏர்த் கம்பி இருந்திருந்தால் அந்தக் கசிவு பேசாமல் நிலத்துக்குப் போயிருக்கும். நல்ல ட்ரிப் சுவிட்ச் இருந்திருந்தால் உடனே விழுந்திருக்கும். ஹீற்றரைக் கழற்றி எடுத்துவிட்டேன். "இனி எங்கையாவது ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் என்ன செய்வீர்?" என்று தயாபரனைக் கேட்டேன். "காம்பிங்காரரைப் பேசமாட்டன்" என்றார். அது போதாது என்றேன். விழுந்தால் உடனே தூக்கிவிடாதேயும், ஏன் விழுந்தது என்று முதலில் தேடும் என்று சொல்லி அனுப்பினேன். சிவம் அண்ணையின் கடைக்கு அந்த மாதமே புதுப் பெட்டியும் புது வயரும் போட்டுக்கொடுத்தேன். அந்த மண்ணிற வயரைத் தராமல் ஒளித்து வைக்கப் பார்த்தார். "நல்ல வயர் பிள்ளை, கன காலம் உழைச்சது" என்றார். வாங்கி அவர் கண் முன்னாலேயே துண்டு துண்டாக வெட்டினேன்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். ஆட்கள் கத்தும்போது உங்கள் கைதான் முதலில் ஓடப் பார்க்கும். விடாதீர்கள். முதலில் ஆட்கள், பிறகு கரண்ட், காரணம் கடைசியில். கூட்டத்தை விலக்க ஒரு பொய் சொல்லலாம், ஆனால் அந்தப் பொய் யார் காதில் விழும் என்று யோசித்துச் சொல்லுங்கள். ஆபத்துக்குள் நிற்கிறவரிடம் மட்டும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், அதுவும் மெதுவாக.

தயாபரன் குடும்பத்தோடு இப்போதும் தொடர்பு இருக்கிறது. ஒவ்வொரு கோடையும் கரவனோடு எங்காவது போவார்கள். போன கோடையில் இத்தாலியில் ஒரு ஏரிக்கரைக் காம்பிங்கிலிருந்து சுகி வீடியோவில் அழைத்தாள். பின்னால் மலையும் தண்ணீரும் தெரிந்தன. அவளுக்குக் கோபம்.

"அக்கா, இந்த மனுசனை எங்கையும் கூட்டிக்கொண்டு வரேலாது. வந்த நேரம் தொடக்கம் ஒவ்வொரு கரவனுக்குக் கீழையும் குனிஞ்சு வயர் பாத்துக்கொண்டு திரியிறார். சனம் எங்களைக் கள்ளர் எண்டு நினைக்குது."

"ஏதும் கண்டுபிடிச்சவரோ?"

"ஓம். பக்கத்திலை ஒரு ஒஸ்திரியாக் கிழவனும் கிழவியும். அவையின்ரை வயரிலை ஏர்த் அறுந்து கிடந்தது. இவர்தான் கண்டவர். காம்பிங்காரரைக் கூப்பிட்டு மாத்துவிச்சவர்."

"பிறகேன் கோவம்?"

"கோவம் என்னெண்டால் அக்கா, அவை ரெண்டு பேரும் இப்ப இவரோடை சேந்து குனியினம்."

போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பெரிய காம்பிங் காருக்குப் பக்கத்தில் மூன்று பேர் வரிசையாக முழங்காலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காம்பிங் காரின் சொந்தக்காரர் கையில் கோப்பிக் கோப்பையோடு கதவடியில் நின்று, என்ன நடக்கிறதென்று விளங்காமல் அவர்களுடைய முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.